முதல் கைத்துப்பாக்கி: ஹியூஸ்டன் கிளம்பும் ஒரு வாசகியின் கேள்வியும் என் பதில்களும்

வாசகியின் கேள்வி, 2 மார்ச் 2024

"என் கணவருக்குச் சிங்கப்பூரின் ஜூரோங் தீவிலிருந்து அமெரிக்காவின் ஹியூஸ்டனுக்கு மாற்றலாகியிருக்கிறது. அவர் எல்-1 விசாவிலும் நான் எல்-2 விசாவிலும் ஜூலையில் பிள்ளைகளோடு போகிறோம். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நான்கு. அவர் மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருப்பார். வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தே ஆக வேண்டும் என்றும், பெண்களுக்குச் சின்ன ரிவால்வர்தான் ஏற்றது என்றும் அங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சொல்கின்றன. நான் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. எதை வாங்கலாம், அண்ணா?"

2 மார்ச், இரவு

2009 முதல் 2019 வரை ஹியூஸ்டனின் மேற்குப் புறத்தில் குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் அதே சின்ன ரிவால்வரைத்தான் 2012-இல் நானும் முதலில் வாங்கினேன்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, .38 ஸ்பெஷல், ஐந்து தோட்டா. கடைக்காரர் அதை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தபோது, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வெட்டும் கத்திகூட இதைவிடக் கனமாக இருக்குமே என்று என் மனைவி சொன்னாள். அந்த இலேசுதான் அதன் குறை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. 400 கிராம் சொச்சம் எடையுள்ள அந்தப் பொருளின் விசையை (ட்ரிகரை) இழுக்க ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ அழுத்தம் வேண்டும். இழுத்து முடிப்பதற்குள் கை ஆடிவிடும், குறி எங்கோ போய்விடும். வெடித்த பிறகு, உதைப்பைத் தாங்கிக்கொள்ளத் துப்பாக்கியில் எடை இல்லாததால், அது முழுவதும் உள்ளங்கையில் இறங்கும்.

சுடுதளத்துக்கு முதல்முறை போனபோது ஐம்பது தோட்டா கொண்ட ஒரு பெட்டி வாங்கினோம். மனைவி ஐந்தைச் சுட்டுவிட்டுக் கீழே வைத்தாள். திருடனைப் பயமுறுத்த என் குரலே போதும் என்றாள். (போதும்தான். பக்கத்து வீட்டினர் சாட்சி.) மீதியை நான் சுட்டேன். ஏழு கெஜ தூரத்தில், ஓர் ஆளின் மார்பளவுள்ள தாளில், பாதி தோட்டாக்கள் தாளையே தொடவில்லை.

பெண்ணுக்குச் சின்னது என்பது விற்பவர்களின் பழைய பல்லவி. சின்னத் துப்பாக்கி இடுப்பிலோ பையிலோ மறைத்து எடுத்துச் செல்வோருக்காகச் செய்யப்பட்டது. வீட்டில் இருக்கப்போவதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே எடையும் நீண்ட குழலும் உங்களுக்குச் சாதகமானவை. ரிவால்வரே வேண்டுமென்றால், நான்கு அங்குலக் குழலும் எஃகு உடலும் கொண்ட நடுத்தர அளவுள்ளதை எடுங்கள். அதே .38 தோட்டா அதில் பாதி கோபத்தோடுதான் வெடிக்கும்.

3 மார்ச், காலை

நேற்று இரவு எழுதியதை மறுபடி படித்தபோது, முதலில் சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. நீங்கள் இருவரும் எந்தத் துப்பாக்கியையும் வாங்க முடியாது, இப்போதைக்கேனும் முடியாது.

எல்-1, எல்-2, எச்-1பி, சிங்கப்பூரர்களுக்கும் சிலி நாட்டவருக்கும் உள்ள எச்-1பி1 ஆகிய அனைத்தும் குடியேற்றம் சாராத விசாக்கள். அத்தகைய விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. டெக்சஸ் மாநிலத்தில் துப்பாக்கி வாங்க உரிமமோ பதிவோ காத்திருப்புக் காலமோ கிடையாது என்று உங்கள் நண்பர்கள் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அது மாநிலத்தின் பேச்சு. உங்களைக் கட்டுப்படுத்துவது கூட்டரசின் பேச்சு. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். இந்தக் கேள்வி அதில் நேராகவே இருக்கிறது. பொய் எழுதினால் அது தனிக்குற்றம். தடையை மீறி வைத்திருப்பதற்கான உச்சத் தண்டனை 2022-இல் பத்து ஆண்டுகளிலிருந்து பதினைந்தாக உயர்த்தப்பட்டது. விசா என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

விதிவிலக்குகளில் பலரும் பிடித்துக்கொள்வது வேட்டை உரிமம். ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் அத்தகைய விசாவில் உள்ளவரும் வாங்கலாம். மானையே மிருகக்காட்சி சாலையில் மட்டும் பார்த்த மென்பொருள் பொறியாளர்கள் பலர் அங்கே பணப்பையில் வேட்டை உரிமத்தோடு திரிகிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. 2012-இல் நிரந்தரவாச உரிமை தரும் பச்சை அட்டை கிடைக்கும் வரை காத்திருந்தேன். அது நேர்மை அன்று, பயம்.

3 மார்ச், மதியம்

டாலஸிலிருந்து ஒருவர் நினைவூட்டினார்: டெக்சஸ் வேட்டை உரிமம் எந்த மாதத்தில் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். நீங்கள் ஜூலையில் போய் இறங்கி, ஆகஸ்ட்டில் உரிமம் எடுத்து, அதைக் காட்டித் துப்பாக்கி வாங்கிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் முதல் நாள் தூங்கி எழும்போதே குற்றவாளியாக எழுவீர்கள். இந்த வழியில் போவோர் இந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடட்டும்.

5 மார்ச்

"முடியாது என்றால் முடியாததாகவே இருக்கட்டும்; ஆனால் பச்சை அட்டைக்குப் பிறகு எது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

எங்கள் வீட்டின் இரண்டாவது கைத்துப்பாக்கி 2013-இல் வாங்கிய க்ளாக் 19. ஒன்பது மில்லிமீட்டர், பதினைந்து தோட்டா, விசை இழுப்பு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. நம் சிங்கப்பூர்க் காவல்துறையும் பல ஆண்டுகள் ஐந்து தோட்டா டாரஸ் 85 ரிவால்வரை வைத்திருந்துவிட்டு இதே க்ளாக் 19-க்கு மாறியது; ஆகவே நான் தேர்ந்தெடுத்ததில் மேதாவித்தனம் எதுவும் இல்லை. சுடுதளத்தில் எனக்கு அது ஒரே நாளில் பழகியது. ஆனால் அதில் கட்டைவிரலால் நகர்த்தும் பூட்டு கிடையாது. பாதுகாப்பு அமைப்புகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன, விசையை இழுத்தால் அவை ஒவ்வொன்றாக விலகிவிடும். விரல் விசைமேல் போகாதவரை அது வெடிக்காது. போனால் கேள்வி கேட்காது. துப்பாக்கியே தொடாதவர்கள் இதை ஒரு வாரமாவது யோசிக்க வேண்டும்.

எந்த அளவுத் தோட்டா என்ற சண்டைக்குள் நான் இறங்க மாட்டேன். 1986-இல் மயாமியில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் தன் ஆட்கள் இருவரை இழந்த எஃப்பிஐ, ஒன்பது மில்லிமீட்டர் போதாது என்று பெரிய தோட்டாக்களுக்குப் போய், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, நவீனத் தோட்டாவோடு ஒன்பதே போதும், அதில் ஆட்கள் நன்றாகவும் சுடுகிறார்கள் என்று திரும்பி வந்தது. அவர்கள் சுற்றிய சுற்றை நாமும் சுற்ற வேண்டுமா?

என் மனைவிக்கு க்ளாக்கிலும் ஒரு சிக்கல் இருந்தது. அரைத் தானியங்கிப் பிஸ்டலின் மேற்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். அதன் சுருள்வில்லின் இறுக்கம் அவள் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. இடக்கையால் ஸ்லைடை இறுகப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் துப்பாக்கியை முன்னே தள்ள வேண்டும் என்ற நுட்பத்தை ஒரு பெண் பயிற்றுநர் கற்றுக்கொடுத்த பிறகு பாதி சரியானது. 2018-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈசி என்ற மாதிரி .380 அளவில் வந்தபோது அவளே போய் இழுத்துப் பார்த்து வாங்கினாள். ஜாடி மூடி திறக்கக் கணவனைக் கூப்பிடுகிறவர்கள் அதைப் பார்க்கலாம் என்று எழுத நினைத்தேன். எங்கள் வீட்டில் ஜாடி மூடியை அவள்தான் திறப்பாள் என்பதால் எழுதவில்லை.

எதுவாக இருந்தாலும், வாங்குவதற்கு முன் வாடகைக்குச் சுட்டுப் பாருங்கள். அங்கே பல சுடுதளங்களில் பத்துப் பதினைந்து மாதிரிகள் வாடகைக்குக் கிடைக்கும். நான் அதைச் செய்யாமல் 642-ஐ வாங்கி, பாதி விலைக்கு விற்றேன். விசாவில் இருக்கும் காலத்தில் இதுவும் உங்களுக்குக் கூடாது என்பதை மறக்க வேண்டாம். கையில் வாங்கிப் பார்ப்பதும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படலாம்.

6 மார்ச்

இங்கே யாரும் கேட்காத ஒன்று: சுவர்.

நம் வீவக (சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் ஒரு படம் மாட்ட ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். ஹியூஸ்டனில் உள்சுவர் என்பது இரண்டு புறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவே பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம், மீதி காற்று. கோபத்தில் குத்தியே ஓட்டை போட்டுவிட்டுப் படத்தை மாட்டி மறைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா அத்தகைய சுவரை ஒன்றல்ல, இரண்டு மூன்றுகூடத் துளைத்துப் போகும். முனை குழிவான தோட்டா உடலில் விரிந்து நிற்பதற்காகச் செய்யப்பட்டது. ஆனால் அந்தக் குழியில் ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டால் அதுவும் விரியாமல் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஆகவே, எந்தத் துப்பாக்கி என்பதற்கு முன், எங்கே நின்று எந்தத் திசையில் என்று வீட்டின் வரைபடத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். நான் வரைந்தேன். படுக்கையறைக் கதவிலிருந்து கூடத்தை நோக்கினால், குறிக்குப் பின்னே, ஒரு சுவர் தாண்டி, மகளின் கட்டில் இருந்தது. இதற்குத் துப்பாக்கியை மாற்றிப் பயனில்லை. கட்டிலை மாற்றினேன்.

அங்கே பலர் ஓர் அறையைப் பலமாக்கி, எல்லாரும் அதற்குள் போய்ப் பூட்டிக்கொண்டு 911-ஐ அழைப்பது என்று திட்டம் வைத்திருப்பார்கள். அதைத்தான் நானும் சொல்வேன்: நீங்கள் தேடிப் போகாதீர்கள், அறைக்குள் இருங்கள். வேடிக்கை என்னவென்றால், 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் எஃகுக் கதவோடும் தடித்த கான்கிரீட் சுவரோடும் குடும்பப் புகலிடம் என்ற அறையே இருக்கிறது. டெக்சஸ்காரன் அதைப் பார்த்தால் பொறாமையில் அழுவான். நாம் அதில் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் தீபாவளிக் கோலமாவும் வைத்திருக்கிறோம்.

6 மார்ச், சற்று நேரம் கழித்து

மனைவி திருத்துகிறாள்: கோலமாவு அடுக்களையில் இருக்கிறதாம். புகலிடத்தில் இருப்பது என் பழைய கோல்ஃப் மட்டைகள்.

9 மார்ச்

துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியைப் பற்றி எழுத வேண்டும். உண்மையில் நான் எழுத நினைத்தது இதைத்தான். துப்பாக்கிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் வாய் நீண்டுவிட்டது.

1996 முதல் இரண்டரை ஆண்டு, கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் எம்16 தூக்கியவன் நான். பயிற்சித் தீவான புலாவ் தேக்கோங்கில் "உன் ரைஃபிள்தான் உன் மனைவி" என்பார்கள். ஆனால் அந்த மனைவி மாலையானால் ஆயுதக் கிடங்குக்குப் போய்விடுவாள். எண் சரிபார்த்து வாங்கிக்கொள்ளவும் பூட்டவும் மறுநாள் எடுத்துக் கொடுக்கவும் வேறு ஆள் உண்டு. சுடுதளத்தைவிட்டு இறங்கும்போது, தோட்டாவோ வெற்றுக்கூடோ எதுவும் என்னிடம் இல்லை என்று ஒவ்வொருவனும் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வெற்றுக்கூடு குறைந்ததற்காக முழுப் பிளாட்டூனும் முட்டிபோட்டுப் புல்லில் தேடியது இன்றும் நினைவிருக்கிறது. ஆக, துப்பாக்கி இரவில் எங்கே தூங்குகிறது என்ற கவலை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. 2012-இல் அந்த 642-ஐக் காகிதப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த மாலையில்தான், கிடங்கும் நானே, கிடங்குக் காவலனும் நானே என்று உறைத்தது. அன்றிரவு அதைச் சமையலறை அலமாரியின் மேல் தட்டில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி வைத்து, அது பிள்ளையின் கைக்குப் போனால் டெக்சஸிலேயே குற்றம் என்பதை அதன் பிறகுதான் படித்தேன்.

இரண்டு நாள் கழித்து, எண் பொத்தான்கள் கொண்ட சிறு எஃகுப் பெட்டி ஒன்று வாங்கி, கட்டிலுக்கு அருகில் அலமாரியின் அடிப்பலகையோடு போல்ட் போட்டு முடுக்கினேன். மூன்று வினாடியில் திறக்கும் என்று அட்டையில் எழுதியிருந்தது. வாங்குவோர் எல்லாரும் அந்த மூன்று வினாடியைத்தான் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன்.

2014 டிசம்பரில் அம்மா சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து வந்திருந்தார். பதினான்கு மணி நேர வித்தியாசம். இரவு மூன்று மணி அவருக்கு மாலை ஐந்து. ஓர் இரவு பின்கதவு திறக்கும் ஓசை கேட்டு நான் எழுந்தேன். மனைவி தூங்கினாள். அம்மா வீட்டில் இருப்பதே என் நினைவில் இல்லை. இதைப் படிக்கும்போது நம்ப மாட்டீர்கள், ஆனால் தூக்கத்திலிருந்து எழும் மூளையில் வீட்டுக் கணக்கு சரியாக இருப்பதில்லை. பெட்டியின் எண்ணை இருட்டில் தட்டினேன். தவறு. மறுபடி தட்டினேன். தவறு. மூன்றாவது முறை தட்டும் முன், அடுக்களையிலிருந்து இருமல் கேட்டது. எனக்கு நாற்பது ஆண்டு பழக்கமான இருமல். அம்மா கோப்பி கலக்கிக்கொண்டு, அரிசி களைந்த தண்ணீரைப் பின்புறக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றக் கதவைத் திறந்திருக்கிறார்.

நான் போய் அவரோடு உட்கார்ந்து கோப்பி குடித்தேன். ஏன் கை நடுங்குகிறது என்று கேட்டார், குளிர் என்றேன்.

10 மார்ச்

ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார்: "உங்கள் கதையே பெட்டி பயனற்றது என்பதற்குச் சான்று, அம்மாவுக்குப் பதில் திருடனாக இருந்திருந்தால்?" சரியான கேள்விதான். ஓர் இரவு முழுவதும் யோசித்த பிறகும் முழுப் பதில் என்னிடம் இல்லை. என் வீட்டின் பத்து ஆண்டுக் கணக்கை மட்டும் சொல்கிறேன்: இரவில் கதவு திறந்தது எத்தனையோ முறை, திறந்தவர் அம்மா, மாமியார், தூக்கத்தில் நடக்கும் மகள், ஒருமுறை சாவியோடு வந்த நண்பர். திருடன் ஒருமுறைகூட இல்லை. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம்.

நாற்பது ஆண்டு இருமல் என்று எழுதியது மிகை. அப்போது எனக்கு வயது முப்பத்தாறு.

14 மார்ச்

இதை எழுதலாமா என்று மூன்று நாள் தயங்கினேன்.

2014-இன் நடுவில் சரியத் தொடங்கிய எண்ணெய் விலை 2016 தொடக்கத்தில் பீப்பாய்க்கு முப்பது டாலருக்கும் கீழே போனது. ஹியூஸ்டனில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேருக்கு வேலை போனது. அதில் நான் மூன்றாமவன். ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். முதல் இரண்டு மாதம் தோட்ட வேலை, அதன் பிறகு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு நாள் மாலை, மனைவி வேலையிலிருந்து வந்ததும், பெட்டியின் எண்ணை மாற்றிவிடு, எனக்குச் சொல்லாதே என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. மாற்றினாள். பிறகு அதுவும் போதாது என்று, எங்களிடமிருந்த ஒரே கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய், தெருமுனையில் இருந்த நண்பரின் பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் மருத்துவரிடமும் என்னை அழைத்துப் போனாள். வேலை கிடைத்து நான்கைந்து மாதம் கழித்தே துப்பாக்கி திரும்பி வந்தது.

2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேல், 26,000-க்கும் அதிகமானோர், தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு என்று வாங்கும்போது நாம் மனத்தில் வைப்பது வெளியிலிருந்து வரும் ஆளை. உள்ளே இருக்கும் ஆட்களையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் கணவர் புதிய வேலை, புதிய ஊர், மாதத்தில் பத்து நாள் பயணம். நீங்கள் வேலையை விட்டுவிட்டு, உறவினர் இல்லாத ஊரில் இரண்டு பிள்ளைகளோடு. பெட்டியை மற்றவரால் மாற்றக்கூடிய எண்ணோடு வாங்குங்கள்; உங்களில் யார் கேட்டாலும் காரணம் கேட்காமல் எடுத்துப்போய் வைத்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அவர்களுக்கும் சட்டப்படி அதை வைத்திருக்கும் தகுதி இருக்க வேண்டும்; விசாவில் இருக்கும் நண்பரிடம் கொடுத்து அவரைச் சிக்கவைக்காதீர்கள்.

17 மார்ச்

"அப்படியானால் பச்சை அட்டை வரும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா" என்று கேட்கிறீர்கள். இல்லை. கதவைப் பாருங்கள்.

ஹியூஸ்டனில் போய் இறங்கியதும் என்னை அச்சுறுத்தியது வாசலில் இரும்புக் கேட் இல்லாததுதான். மரக்கதவு, அதற்கு அப்பால் புல்தரை, அதற்கு அப்பால் உலகம். 2013-இல் எதிர் வீட்டின் பின்கதவை ஒருவன் ஒரே உதையில் திறந்தான். பூட்டு உடையவில்லை, பூட்டின் நாக்கு போய்ச் செருகும் தகடு கதவுச் சட்டத்திலிருந்து பிய்ந்து வந்தது. காரணம், அதைப் பிடித்திருந்த திருகுகள் முக்கால் அங்குலம். அவை மெல்லிய கதவுச் சட்டத்தைத்தான் கடித்திருந்தன, பின்னே இருக்கும் கட்டுமான மரத்தைத் தொடவே இல்லை. அன்று மாலையே நான் நீண்ட திருகுகளும் கனமான தகடும் வாங்கி வந்து மூன்று கதவுகளுக்கும் மாட்டினேன். மொத்தச் செலவு நாற்பது டாலருக்குள். கீல்களுக்கும் அதே நீளத் திருகு. அதோடு, கதவு திறந்தால் ஒலிக்கும் சிறு மணி, அசைவுக்கு எரியும் விளக்கு, படுக்கையறைக்கு உள்ளீடற்ற கதவை மாற்றி ஒரு கெட்டி மரக்கதவு. இவற்றுக்கு எந்த விசாவும் வேண்டியதில்லை. வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திருகை மாற்ற யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

2017 ஆகஸ்ட்டில் ஹார்வி புயல் வெள்ளம் தரைத்தளத்துக்குள் வந்தபோது, போல்ட் போட்டு முடுக்கிய பெட்டியை முழங்கால் தண்ணீரில் நின்று கழற்றியவன் நான் என்பதையும் பதிவு செய்கிறேன். மாடி இருந்தால் பெட்டி மாடியில் இருக்கட்டும்.

23 மார்ச்

திரும்பி வருவதைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். 2019-இல் இரண்டு பிஸ்டல்களையும் மீதித் தோட்டாக்களையும் உரிமம் பெற்ற கடையில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டோம். சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் பலருக்குத் தெரியாதது, பயணப் பெட்டியின் மூலையில் தங்கிவிட்ட ஒரு தோட்டாகூட சாங்கி விமான நிலையத்தில் உங்களைச் சிக்கலில் கொண்டுபோய் விடும் என்பது. சுடுதளத்துக்குக் கொண்டுபோன பை, தொப்பி, அந்தக் காலணி எல்லாவற்றையும் அங்கேயே தூக்கிப் போட்டோம். மனைவி ஒவ்வொரு பெட்டியின் உறையையும் வெளியே புரட்டி வாக்குவம் செய்தாள்.

கப்பலில் ஏற்றும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த கடைசி நாளில், பத்து வயது மகளின் பென்சில் பெட்டியிலிருந்து பளபளவென்று ஒரு பித்தளை வெற்றுக்கூடு உருண்டு வந்தது. வாயில் வைத்து ஊதினால் விசில் வரும் என்று, ஒருமுறை என் பேன்ட் மடிப்பிலிருந்து விழுந்ததை எடுத்து வைத்திருக்கிறாள். எத்தனை ஆண்டாக என்று கேட்டேன். நினைவில்லை என்றாள். தேக்கோங்கில் ஒரு கூட்டுக்காகப் புல்லில் முட்டிபோட்ட பிளாட்டூன் என் கண்முன் வந்து நின்றது.

24 மார்ச்

கதவுத் தகட்டுக்கு மாட்டிய நீண்ட திருகு எத்தனை அங்குலம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று அங்குலம். இரண்டு அங்குலம் வாங்கிவிட்டுப் போதுமா என்று கேட்க வேண்டாம். சட்டத்திலும் அதற்கும் கட்டுமான மரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியிலுமே பாதி போய்விடும். முன்னதாகச் சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மரம் பிளக்கும்.